உன் பெயரில் ஓடும் நான்கு எண்கள்

கீழ்ப்பிரிவு,
பசறை.

அன்பு மகள் விதுஷாவுக்கு,

திருவருளை முன்னிறுத்தி அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் உடல் நலத்தோடு இருக்கிறோம். கடல் கடந்து போய் யாரோ பெற்ற முதியவர்களுக்குப் பணிவிடை செய்யும் உன்னையும் அத்திருவருளே நோய் நொடியின்றிக் காக்க வேண்டும் என்று காலையும் மாலையும் விளக்கின் முன் வேண்டிக்கொள்கிறோம். என் தொலைபேசி திடீரென்று பேச்சற்றுப் போனதைக் கண்டு ஜப்பானில் இருந்தபடி நீ என்னென்ன எண்ணிப் பதறினாயோ, அதை நினைத்து எனக்கு அன்னம் இறங்கவில்லை. பள்ளிக்கூடத்து ரஜீவ் மாஸ்டரின் போனிலிருந்து அப்பா சுகம், கடிதம் வருகிறது என்று ஒரு வரி அனுப்பச் செய்தேன். அதற்கு மேல் பிறர் போனில், லயத்து வீட்டு வரிசையே காது கொடுத்து நிற்கும்போது சொல்லக்கூடிய செய்தி அன்று இது. உன் கையொப்பம் மையினால் வேண்டியிருப்பதாலும் தாளை எடுத்திருக்கிறேன். பதறாமல் முழுவதும் படி.

இங்கே போனுக்குக் காசு கட்டி ரீலோட் போட்டுவிட்டு மலையேறி வருவதற்குள் பாதி கரைந்துவிடுவது நீ அறிந்ததே. நான் கேளாமலே நாள்தோறும் இராசிபலனும் கிரிக்கெட் செய்தியும் அனுப்பி அதற்கும் கழித்துக்கொள்கிறார்கள், வாழ்நாளில் மட்டையைத் தொட்டறியாத எனக்கு எந்த நாட்டில் எவர் ஆட்டமிழந்தால் என்ன? சென்ற முறை வாங்கிய பொதியில் பெரும்பங்கு டேட்டா நள்ளிரவுக்குப் பின்தான் செல்லுமாம். அந்த வேளையில் விழித்திருப்பவர்கள் யோகிகளும் பேய்களும்தான் என்று பசறைக் கடைத்தெருவில் ரீலோட் போடும் பலீல் நானாவிடம் முறையிட்டேன், அவர் சிரித்துக்கொண்டு, "அப்ப ஒங்களுக்குத்தான் பொருத்தம் ஐயா, நீங்க யோகிதானே" என்றார். கம்பெனியை அழைத்தால் ஓர் இயந்திரப் பெண் தமிழுக்கு இரண்டை அழுத்தச் சொல்கிறாள், அழுத்தினால் பாட்டு, பாட்டு ஓய்ந்தால் காத்திருங்கள் என்கிறாள், மறுபடியும் அதே பாட்டு. கோயிலில் மார்கழி முழுதும் அசையாமல் அமர்ந்து பாராயணம் செய்கிறவன் நான், என் பொறுமையே அங்கே தீர்ந்தது. இப்படி இருக்கையில் சிங்களத்தில் ஒரு குறுஞ்செய்தி வந்தது. பலீல் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் படித்துவிட்டு முகம் மாறினார். "ஐயா, இந்த சிம் ஒங்க பேர்லயே இல்ல, மகள்ட பேர்ல இருக்கு. அது மட்டுமில்ல, மகள்ட ஐடி கார்ட்ல மொத்தம் நாலு சிம் ஓடுது. பதுளைக்கே போய்க் கேட்டுருங்க" என்றார்.

மறுநாள் முதல் பஸ்ஸில் பதுளைக்குப் போய்ப் போன் கம்பெனி அலுவலகத்தில் டோக்கன் எடுத்துக் காத்திருந்தேன். முறை வந்தது; கவுண்டரில் தயானி என்று பெயர் குத்தியிருந்த பெண், நம் தமிழ்ப் பிள்ளைதான். உள்ளதை உள்ளபடி சொல்வது என் வழக்கம் ஆதலால், எண் மகளுடையது, பாவிப்பவன் நான், மகள் வெளிநாட்டில் என்றேன். அவள் விசைகளைத் தட்டிவிட்டு, "ஒருத்தர் பேர்ல உள்ளத இன்னொருத்தர் பாவிக்கக் கூடாதுங்க ஐயா, நிப்பாட்டிட்டேன்" என்றாள். மற்ற மூன்றைப் பற்றி விசாரிக்கப் போனவன் கையில் இருந்த ஒன்றையும் பறிகொடுத்து நின்றேன். சொந்தக்காரர் நேரில் வர வேண்டும், இல்லையென்றால் மகளையே எங்களுக்குப் போன் எடுக்கச் சொல்லுங்கள் என்றாள். "எதுலம்மா சொல்றது, அதத்தானே இப்ப நீங்க நிப்பாட்டுனீங்க" என்றேன். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள், அவளும் வாயைப் பொத்திக்கொண்டாள். பழம்புலவர்கள் அன்னத்தையும் மேகத்தையும் தூது விட்டார்கள், அவற்றை யார் பெயரில் பதிந்தீர்கள் என்று எவரும் கேட்டதில்லை. என் எண் போனால் போகட்டும், என்னை அழைக்கிறவள் நீ ஒருத்தி, என் பெயரிலேயே புதிதாய் ஒன்று வாங்கிக்கொள்வேன்.

என் நெஞ்சைக் கலக்கியது அதற்குப் பின்பு அவள் குரலைத் தாழ்த்திச் சொன்னதுதான். நான்கில் ஒன்று உன்னிடம் உள்ளது, ஒன்று நான் பாவித்தது, ஒன்று கீழ் லயத்துக் கடைசிக் காம்பராவில் குடியிருக்கும் இராக்கம்மாவிடம் இருப்பது. நான்காவது எண்ணை நான் கண்டதே இல்லை. அந்த எண்ணிலிருந்து எவனோ எல்ல ஊர்ப் பக்கத்தில் உள்ள ஒரு பெண்ணை அழைத்து ஆபாசம் பேசி மிரட்டியிருக்கிறான், அவள் பொலிஸில் முறைப்பாடு கொடுத்திருக்கிறாள், முறைப்பாட்டில் இருப்பதோ உன் பெயர். ஆடித் திருவிழாவில் கோயில் வாசலில் குடை விரித்து சிம் விற்க வந்தவர்களை நினைவிருக்கிறதா? லயத்தில் அப்போது ஐடி கார்ட் கைக்கு வந்திருந்தது உனக்கு மட்டும்தான், எங்களுக்கெல்லாம் அதற்குப் பிறகே வந்தது. "தங்கச்சி கார்டக் குடு, எல்லாருக்கும் போட்டுறலாம்" என்று வாங்கிப் படம் எடுத்துக்கொண்டார்கள், நீயும் நல்ல மனத்தோடு கொடுத்தாய். அதைக் கொண்டே நமக்குத் தெரியாமல் இன்னொன்றையும் எடுத்து விற்றிருக்க வேண்டும். உன்மேல் குற்றமில்லை என்று நான் சொன்னால் போதாது. உன் நிறுவனம் விசா புதுப்பிக்க இங்கிருந்து பொலிஸ் சான்றிதழ் கேட்டிருக்கும் இந்த வேளையில் இப்படி ஒரு கறை வந்து ஒட்டியதே என்று நான் உறங்குவதில்லை. இறைவனுக்கு ஆயிரம் நாமம், ஒன்றை இகழ்ந்தால் இன்னொன்றால் அழைக்கலாம். உனக்கோ இருப்பது ஒரே ஒரு பெயர்.

விரைவான வழி ஒன்று இருக்கிறதாம். இந்த அட்டையில் உள்ள எந்த எண்ணும் எனக்கு வேண்டாம், எல்லாவற்றையும் துண்டியுங்கள் என்று நீ கையொப்பமிட்டுத் தூதரகத்தில் முத்திரை பெற்று அனுப்பினால், உடனே துண்டித்து, இவருக்கும் அந்த எண்ணுக்கும் தொடர்பில்லை என்று பொலிஸுக்கு எழுதிக் கொடுப்பார்கள். இராக்கம்மாவின் எண்ணை மட்டும் அவள் பெயருக்கு மாற்றிவிட்டு மற்றவற்றைத் துண்டிக்கலாகாதா என்று கேட்டேன். முறைப்பாட்டு விசாரணை முடியும் வரை எதையும் பெயர் மாற்றவோ, நான்காவதை மட்டும் தனியே துண்டிக்கவோ முடியாதாம், அது எப்போது முடியும் என்று சொல்வாரில்லை. அவள் மகன் ஜெயரூபனை நீ அறிவாய், உன் வகுப்பில் படித்தவன். ஏஜென்சியை நம்பி ருமேனியாவுக்குப் போனவன், அங்கே வேலையை விட்டு எங்கோ எல்லை தாண்டினான் என்று கேள்வி, போன தீபாவளிக்குப் பின் ஒரு சொல் இல்லை. கடைசியாகப் பேசியபோது, "நம்பர மட்டும் மாத்திறாதம்மா" என்று சொல்லியிருக்கிறான். அன்று முதல் அவள் அந்தப் போனைத் தேயிலைக் கொழுந்துக் கூடையிலேயே கட்டிக்கொண்டு மலைக்குப் போகிறாள். அழைப்பே வராத எண்ணுக்கு ரீலோட் போடுகிறாள்.

உன் அம்மா ஒரே சொல்லில் முடித்துவிட்டாள், "நம்ம புள்ள பேருதாங்க மொதல்ல, வெட்டச் சொல்லி எழுதுங்க" என்றாள். தாய் அப்படித்தான் சொல்வாள். இராக்கம்மா அறியாமல் துண்டிப்பது என் மனத்துக்கு ஒவ்வாமையால் நானே கீழ் லயத்துக்குப் போய் எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னேன். இராக்கம்மா அழுவாள், ஏசுவாள் என்று நினைத்தேன். அடுப்பை ஊதிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, "வெட்டிருங்க சாமி, பாப்பா பேரு கெடக் கூடாது, அது நமக்காகத்தானே கார்டக் குடுத்துச்சு" என்றாள். வெளியே வந்து செருப்பை மாட்டும்போது பின்னாலேயே வந்து கேட்டாள்: "சாமி, வெட்டுனதுக்கப்பறம் அவன் கோல் எடுத்தா அந்த மெசினுப் பொம்பள என்னா சொல்லும்? இல்லேன்னு சொல்லுமா, அம்மா செத்துட்டான்னு நெனச்சுக்குவானா?" தேயிலைக்கு நடுவே குறுக்குப் பாதையில் ஏறி வீடு வந்தேன்.

இரண்டு கடிதங்களை எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். ஒன்று எல்லாவற்றையும் துண்டிப்பதற்கு. மற்றது, விசாரணை முடியும் வரை மூன்றாவதான இராக்கம்மாவின் எண்ணைத் தொடாமல், நான்காவதை நான் வாங்கவே இல்லை என்று நீ மறுத்துரைப்பதற்கு. அதனால் சான்றிதழ் தாமதமாகலாம், உன் வேலையே ஆட்டம் காணலாம். பிறருக்காக உன் வாழ்வை விட்டுக்கொடு என்று சொல்லும் உரிமை எனக்கில்லை. உன் வாழ்வுக்காக அவளை மறந்துவிடு என்று எழுதவும் கை எழவில்லை. எதில் கையொப்பமிட்டாலும் அப்பாவுக்குச் சம்மதம், அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன். அங்கே குளிர் ஏறியிருக்கும், காதை மூடிக்கொண்டு வெளியே போ, வேளைக்குச் சாப்பிடு, உன் அட்டையை இனி எவர் கேட்டாலும் கொடுக்காதே. அம்பிகை உன் முன்னும் பின்னும் நின்று காக்கட்டும். நீ எடுத்த காரியம் எல்லாம் இனிதே நிறைவேறட்டும்.

ஒன்றை மறவாதே. கையொப்பமிடுமுன் இராக்கம்மாவிடம் நீயே ஒரு தரம் பேசு, அவள் எண்ணைத் தாளின் பின்புறம் எழுதியிருக்கிறேன். வெளிநாட்டு எண்ணைக் கண்டால் முதல் மணியிலேயே எடுத்துவிடுவாள். அவள் வாய் திறக்குமுன்னே உன் பெயரைச் சொல்லிவிடு அம்மா.

ஆசிகளுடன்,
உன் அப்பா
வீரசிங்கம்