வலி நின்ற பற்கள்

ஓசூர்
9.3.2003

அன்பு மகள் லாவண்யாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே நடமாடிக்கொண்டு இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருப்பாய் என்ற நம்பிக்கையில்தான் தொடங்குகிறேன். அப்பாவுக்கு இந்த வாரமும் இரண்டாவது ஷிஃப்ட், சானமாவுக் காட்டுப் பக்கம் யானை இறங்கியிருப்பதால் கம்பெனி பஸ் சுற்றிக்கொண்டு வருகிறது. உன் கடிதம் புதன்கிழமை வந்தது. ஆய்வுக்கூடத்தில் நாங்கள் செய்துபார்க்கும் பல் அடைக்கும் சிமெண்டில் பி-7 கலவையைக் கைவிட்டுவிட்டோம், கிருமி ஒன்றும் மிஞ்சவில்லை ஆனால் பக்கத்தில் வைத்த உயிருள்ள செல்களும் செத்துவிட்டன, துத்தநாகத்தைக் குறைத்து, பல்லில் புதிதாகச் சுண்ணாம்பு படியவைக்கும் கண்ணாடித் தூளைக் கூட்டிப் பார்க்கிறோம் என்று எழுதியிருந்தாய். அந்த வரியை நின்றபடியே நாலு தடவை படித்தேன். பொங்கலுக்கு வந்தபோது எனக்குக் குழைத்துக் காட்டிவிட்டு நீ அலமாரியில் மறந்துபோன இரண்டு பாட்டிலிலும் பி-7 என்றுதான் ஒட்டியிருந்தது.

திட்டாதே, முழுவதும் படி. போன மாதம் எனக்குக் கடைவாய்ப் பல் குடைந்தது. மகள் செய்ததையே வைத்துக்கொள்ள ஆசை, டாக்டரிடம் நீட்ட வெட்கம், அதனால் பேரிகைச் சந்தையில் பல் கட்டும் சென்னகிருஷ்ணனிடம் போனேன். அடைத்தார், மறுநாளே வலி நின்றது. மீதியை அவர் தன் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார். தபாலில் படித்து நம் வீட்டில் முதல் பட்டம் வாங்கியவள் நான், அப்படியிருந்தும் அந்தப் பாட்டில்களைத் திருப்பிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

நேற்று சந்தைக்கு ஓடினேன். இரண்டும் காலி. எத்தனை பேருக்கு வைத்தீர்கள் என்றதற்கு, 'பதினஞ்சும் இருக்கும், இருவதும் இருக்கும். ராசியான மருந்தும்மா, ஒருத்தரும் வலின்னு திரும்பி வரல' என்று சிரிக்கிறார். யார் யார் என்றால், 'ஊத்தங்கரைல இருந்துகூட வந்தாங்க, பேரா கேட்டு வெப்பாங்க' என்கிறார். எனக்குத் தெரிந்து நம் தெருவில் இரண்டு பேர். அதில் ஒருத்தி பூவம்மாளிடம், அந்த மருந்து ஆகாது என்று சொன்னால், 'அட போ ராசாத்தி, ஒரு வருசம் கழிச்சு இப்பத்தான் நிம்மதியாத் தூங்கறேன், பொண்ணு பேரு பெருசாயிடும்னு பெத்தவளுக்கே பொறாமையா?' என்று கேலி செய்கிறாள். அவள் தாடையோரம் லேசாக உப்பியிருக்கிறது, தொட்டால் வலியே இல்லை என்கிறாள். எதிர்வீட்டுக் காத்தூன் மட்டும் 'அக்கா, என் பல்லு சாம்பல் நெறமா மாறுது' என்று கண்ணாடியும் கையுமாக வந்தாள். எனக்கும் ஐஸ் தண்ணீர் பட்டால் கூச்சமே இல்லை. வலி நின்றது குணமானதால் இல்லை, பல்லுக்குள் நரம்பு செத்ததால் என்பது அப்போதுதான் உறைத்தது.

நாளைக்கு நானும் காத்தூனும் உன் கடிதத்தோடு கிருஷ்ணகிரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறோம், பூவம்மாளையும் இழுத்துப் போவேன். அடைத்துக்கொண்டு போன முகம் தெரியாதவர்களைப் பிடிக்க ஒரே வழிதான். இனி ஒவ்வொரு சந்தைக்கும் அவர் பெட்டிக்குப் பக்கத்தில் உட்காரப் போகிறேன், வருகிறவர்களிடம் என் பல்லைக் காட்டியே, வலி இல்லாவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று சொல்வேன். 'என் பொழப்புல மண்ணப் போடாதே' என்கிறார் அவர், போடத்தான் வேண்டும். பி-7இல் என்னென்ன, எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி உடனே அனுப்பு. உன் ஆசிரியரிடம் எதையும் மறைக்காதே, தப்பு செய்தது அம்மா என்று சொல்.

உன் கையால் ஆகிற எதுவும் யாருக்கும் கெடுதலாக முடியக் கூடாது, நீ நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். தாளை மறக்காதே, அது வரும்வரை பூவம்மாள் என்னை நம்பமாட்டாள்.

உன் அம்மா
ராசாத்தி