நூற்றுக்குப் பதினேழு

ஜனவரி 12, ஞாயிறு

கடலூர் பயிற்சி வகுப்பில் மாதிரித் தேர்வின் முடிவை ஒட்டினார்கள். நூற்றுக்கு 17.33. முப்பத்திரண்டு பேரில் முப்பத்தொன்றாவது இடம். எனக்கும் கீழே ஒரே ஒரு பெயர்: வேலம்மாள், 16.

இளவரசு சார் யாரையும் திட்டவில்லை. "மார்ச் 22க்கு இன்னும் பத்து வாரம் இருக்கு. கீழ இருக்கறவங்க யோசிச்சுக்குங்க" என்றார். எதை யோசிப்பது, படிப்பதையா, நின்றுவிடுவதையா? அதை அவர் சொல்லவில்லை.

சிதம்பரம் வந்து வீட்டுக்குள் நுழைந்ததும் அண்ணி, "எவ்ளோ வந்துச்சு?" என்று கேட்டார். "பரவால்ல அண்ணி" என்று சொல்லிவிட்டு நேராகப் பாத்திரம் தேய்க்கப் போய்விட்டேன்.

ஜனவரி 13, திங்கள்

போகி. வேண்டாததை எல்லாம் எடுத்துப் போடச் சொன்னார் அண்ணி. விடைத்தாளை நாலாக மடித்துக் கையில் வைத்துக்கொண்டு தெருவில் நின்றேன். போடவில்லை.

ஜனவரி 15, புதன்

எனக்கு நானே ஒழுங்காகச் சொல்லிக்கொள்ள வேண்டும்.

வயது முப்பத்து மூன்று. பி.எஸ்சி. கணிதம் முடித்தபோது இருபத்தொன்று. இரண்டு வருஷம் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை. அப்புறம் அம்மாவுக்குப் பக்கவாதம். ஒன்பது வருஷம் அம்மாவோடு இருந்தேன். போன வருஷம் அம்மா போய்விட்டாள். ஒன்பது வருஷத்தில் நான் போட்ட கணக்கெல்லாம் எந்த மாத்திரை எத்தனை மணிக்கு என்பதுதான்.

இப்போது வடக்கு வீதி ஜெராக்ஸ் கடையில் பகல் நேர வேலை. பிள்ளைகளுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பேன். நவம்பரில் ஒரு பெண் எம்.சி.ஏ. விவரம் கேட்டு வந்தாள். தகுதி என்ற பகுதியை அவளுக்காகப் படித்தபோது, வயது வரம்பு இல்லை என்று போட்டிருந்தது. அவள் போன பிறகும் அந்தப் பக்கத்தை நான் மூடவில்லை.

ஜூனில் அண்ணனுக்கு ஓசூருக்கு மாற்றல். "நீயும் எங்களோட வந்துடு" என்கிறான். நல்ல மனசோடுதான் சொல்கிறான். ஆனால் போனால் அங்கே நான் யார்? அண்ணன் வீட்டில் இருக்கிற தங்கச்சி. அறுபது வயதிலும் அதுவேதான்.

அதற்குத்தான் இந்த எம்.சி.ஏ. நுழைவுத் தேர்வு. அதில்தான் பதினேழு.

ஜனவரி 18, சனி

கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மெலிந்த பெண் ஒருத்தி வந்து பக்கத்தில் பையை வைத்தாள். "அக்கா, நான்தான் பதினாறு" என்றாள்.

சிரிப்பு வந்துவிட்டது. ஒரு வாரத்தில் முதல் தடவை.

வேலம்மாள், இருபத்திரண்டு வயது, தேவனாம்பட்டினம். அப்பா கடலுக்குப் போகிறார். வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவள்தான். நாங்கள் இரண்டு பேரும் நூறு கேள்விக்கும் விடை எழுதியிருக்கிறோம், ஒன்றைக்கூட விடாமல். "விட்டா தெரியலன்னு ஆயிடும்ல, அக்கா" என்றாள். எனக்கும் அதே பயம்தான்.

ஜனவரி 26, ஞாயிறு

சனி, ஞாயிறு வகுப்பு முடிந்ததும் ஒரு மணி நேரம் நானும் வேலம்மாளும் சேர்ந்து படிக்கிறோம். அவளுக்குக் கம்ப்யூட்டர் பாடம் நன்றாக வரும். எனக்கு அளவியலும் நிகழ்தகவும் மெல்ல மெல்லத் திரும்புகின்றன. இன்று ஒரு கணக்கை அவள் எனக்கு முன்னால் போட்டு முடித்தாள். பொறாமை வரவில்லை. வரும் என்று நினைத்திருந்தேன்.

பிப்ரவரி 2, ஞாயிறு

நேற்றும் இன்றும் வேலம்மாள் வரவில்லை. போன் அணைந்திருக்கிறது.

பிப்ரவரி 8, சனி

இன்றும் இல்லை. "அந்தப் பொண்ணு நின்னுடுச்சு போல" என்றார் இளவரசு சார். வருகைப் பட்டியலில் அடுத்த பெயருக்குப் போய்விட்டார்.

ஒரு மணி நேரம் தனியாக உட்கார்ந்தேன். ஒரு கணக்கும் ஓடவில்லை. அவளே நின்றுவிட்டால் நான் மட்டும் எதற்கு என்று ஒரு நினைப்பு வந்தது. அசிங்கமான நினைப்பு. அவள் பெயரைச் சொல்லி நானும் தப்பிக்கப் பார்க்கிறேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

வகுப்பு முடிந்ததும் தேவனாம்பட்டினம் போனேன். அவள் அப்பா பெயரைச் சொல்லி, பக்கிரி மகள் வீடு என்று கேட்டதும் ஒரு அம்மா, "அறுபத்தொண்ணு வாங்குச்சே, அந்தப் பொண்ணா?" என்று வழி காட்டினார். எனக்குப் புரியவில்லை.

சின்ன வீடு. முன்னறையில் பாதியை ஒரு புது மேசை அடைத்துக்கொண்டிருந்தது. கூடவே நாற்காலி. மேசையின் மேல் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. வேலம்மாள் தரையில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

அவள் அப்பா பக்கிரி வந்தார். நான் யாரென்று சொன்னேன். உட்காரச் சொல்லி நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"பாப்பா அறுபத்தொண்ணு வாங்கியிருக்குதும்மா. அதான் மேசை வாங்கிப் போட்டேன். இப்ப என்னான்னா தலைவலிங்குது, கிளாஸுக்கே போவ மாட்டேங்குது. நீங்க எவ்ளோம்மா வாங்குனீங்க?"

வேலம்மாளைப் பார்த்தேன். அவள் தலையே நிமிரவில்லை. பொய் சொல்லியிருக்கிறாள். பதினாறை அறுபத்தொன்றாகத் திருப்பிப் போட்டிருக்கிறாள்.

நான் என்ன சொல்வது? அவளைக் காட்டிக்கொடுக்கக் கூடாது. நானும் பொய் சொல்லக் கூடாது.

"பதினேழுங்க" என்றேன். வெளியே சொல்வது அதுதான் முதல் தடவை.

அவர் முகத்தில் கேலி இல்லை. சங்கடப்பட்டார். "அதனால என்னம்மா, வந்துடும்" என்றார். மகளைப் பார்த்து, "பாப்பா, இந்த அக்காவுக்குக் கொஞ்சம் சொல்லிக் குடேன். எவ்ளோ தூரத்துலேர்ந்து வந்திருக்காங்க" என்றார்.

மடித்த துணியை அவள் கீழே வைத்தாள்.

"எனக்குப் பதினாறுப்பா."

"இன்னாது?"

"அறுபத்தொண்ணு இல்ல. பதினாறு. அக்காவை வுட கம்மி."

அவர் வெளியே போய் நின்றார். வேலம்மாள் சத்தமில்லாமல் அழுதாள். அவள் முதுகில் கை வைத்துக்கொண்டு, வந்திருக்கவே கூடாதோ என்று நினைத்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் உள்ளே வந்தார். மேசையின் பிளாஸ்டிக் உறையை ஒரு மூலையிலிருந்து கிழிக்க ஆரம்பித்தார். முழுசாக உரித்துச் சுருட்டிய பிறகுதான் பேசினார்.

"கடைக்காரன் திருப்பி எடுத்துக்க மாட்டான். உக்காந்து படி."

பஸ் நிறுத்தம் வரை கூடவே நடந்து வந்தார். பாதி வழியில் சொன்னார்: "அறுபத்தொண்ணுன்னா அது நல்ல மார்க்கா, சுமார் மார்க்கான்னே எனக்குத் தெரியாதும்மா. எம்பொண்ணு படிக்குதுன்னு நாலு பேருகிட்ட சொல்லணும்னு இருந்துச்சு. ஒரு நம்பர் கெடச்சுது, சொல்லிட்டேன். அது மேல பாரத்தை ஏத்தி வச்சிட்டேன் போல."

பிப்ரவரி 10, திங்கள்

காலையில் இட்லி மாவை ஊற்றிக்கொண்டிருந்த அண்ணியிடம் சொல்லிவிட்டேன். "அன்னைக்குப் பரவால்லன்னு சொன்னேன்ல. பதினேழுதான் அண்ணி."

அவர் கரண்டியை நிறுத்தவில்லை. "எத்தனை கேள்விய விட்ட?"

"ஒன்னுகூட விடல. தப்பா எழுதினா மூணுல ஒரு மார்க்கு குறைப்பாங்க."

"குறைப்பாங்கன்னு தெரிஞ்சுமா எழுதுன? எடுத்துட்டு வா அதை."

நாலாக மடித்த தாளைக் கொண்டுவந்தேன். ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு வாங்கினார். அண்ணி ஸ்வர்ணலதா பி.காம். படித்தவர் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. சரியானது முப்பத்தெட்டு. தப்பு அறுபத்திரண்டு. தப்புக்காக மட்டும் இருபதுக்கு மேல் போயிருக்கிறது.

"முப்பத்தெட்டு தெரிஞ்சிருக்கே உனக்கு" என்றார். "அதை நீயே போயி கொட்டிட்டு வந்திருக்க."

அப்புறம் இட்லியை எடுத்தபடி, என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "ஓசூருக்கு நீ வந்தா எனக்கு ரொம்ப ஒத்தாசைதான் சிவகாமு. புள்ளைங்களையும் பாத்துப்ப. அதுக்காக நீ வர வேணாம்."

பிப்ரவரி 15, சனி

வேலம்மாள் வந்தாள். கண்ணுக்கு மை போட்டிருந்தாள். இரண்டு பேரும் போன ஞாயிறு நடந்ததைப் பற்றிப் பேசவில்லை. நேராக நிகழ்தகவுக்குப் போனோம்.

பிப்ரவரி 16, ஞாயிறு

இரண்டாவது மாதிரித் தேர்வு. நாற்பத்தொரு கேள்வியைத் தொடவே இல்லை. கை பரபரத்தது, அடக்கிக்கொண்டேன். 29.67. வேலம்மாளுக்கு 28.

பெரிய மதிப்பெண் ஒன்றும் இல்லை. ஆனாலும் பஸ்ஸில் வரும்போது, எனக்கு எது தெரியாது என்று எனக்குத் தெரிந்திருப்பது நிம்மதியாக இருந்தது.

மார்ச் 2, ஞாயிறு

24.

என்னா இது. மூணு வாரமா காலையில நாலரைக்கு எழுந்து உக்காந்தேன். கடையில ஆள் இல்லாத நேரமெல்லாம் படிச்சேன். ஏற வேண்டியது எறங்குது. இருபத்திரண்டு வயசுப் புள்ளைங்களோட போயி உக்காந்து எதுக்கு இந்த மானக்கேடு — யாரு கேட்டா என்னை? அம்மா இருந்திருந்தா, போதும்டி, வந்து படுன்னு சொல்லியிருப்பா.

சொல்லியிருப்பாளா? தெரியவில்லை. வாய் குழறிப்போன பிறகும் நான் பேப்பர் படித்துக் காட்டினால் கண்ணை மூடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் நிறுத்தினால் விரலால் தட்டுவாள்.

இன்று இனிமேல் படிக்க மாட்டேன். நாளைக்குப் பார்க்கலாம்.

மார்ச் 3, திங்கள்

நாலரைக்கு விழிப்பு வந்துவிட்டது. அப்படியே படுத்திருந்தேன். ஐந்து மணிக்கு எழுந்து ஒரே ஒரு கணக்குப் போட்டேன். தப்பு. மறுபடியும் போட்டேன். வந்தது.

மார்ச் 12, புதன்

மாசி மகம். தேவனாம்பட்டினத்தில் ஊரே கடற்கரையில் இருக்கும். வேலம்மாள் போனில் பேசினாள். பின்னால் ஒலிபெருக்கிச் சத்தம். "யாரோ கேட்டாங்கக்கா, உம்பொண்ணு அறுபத்தொண்ணு வாங்குச்சாமேன்னு. அப்பா, இல்ல, தப்பா சொல்லிட்டேன், இப்பத்தான் படிச்சிக்கிட்டு இருக்குதுன்னு சொல்லிட்டாரு. எனக்கு அழுகையா வந்துடுச்சு."

மார்ச் 16, ஞாயிறு

கடைசி மாதிரித் தேர்வு. எனக்கு 41. வேலம்மாளுக்கு 36. பட்டியலின் நடுப்பகுதிக்கு வந்துவிட்டோம்.

மார்ச் 22, சனி

எழுதிவிட்டேன். ஐம்பத்தெட்டு கேள்விக்கு விடை. மீதியை விட்டேன்.

எங்கள் இருவருக்கும் சிதம்பரத்திலேயே மையம். பக்கிரி மகளோடு விடிகாலையிலேயே வந்து, எங்கள் வீட்டில் கூச்சத்தோடு இரண்டு இட்லி சாப்பிட்டார். வேண்டாம் என்றவருக்கு அண்ணி மூன்றாவதும் வைத்தார். தேர்வு முடிந்து வெளியே வந்தால், அண்ணியும் அவரும் கேட்டுக்கு எதிரே ஒரே குடைக்குள் நின்றுகொண்டிருந்தார்கள். இரண்டு பேருமே, எப்படி எழுதினீர்கள் என்று கேட்கவில்லை.

ஏப்ரல் 29, செவ்வாய்

முடிவு வந்தது. எனக்கு அரசுக் கல்லூரி கிடைக்கக்கூடிய இடம். மூன்று தடவை பதிவெண்ணைச் சரிபார்த்தேன். அண்ணி என் தலையை இழுத்து நெற்றியில் முத்தம் கொடுத்தார்.

வேலம்மாளுக்கு வரவில்லை. ரொம்பப் பின்னால் போய்விட்டது.

அவளை எப்படிக் கூப்பிடுவது என்று தயங்கிக்கொண்டிருந்தேன். அவளே கூப்பிட்டாள். முதலில் எனக்கு வந்ததற்குச் சந்தோஷப்பட்டாள், உண்மையாகவே. அப்புறம், "அப்பா கரைக்கு வந்த உடனே சொல்லிட்டேன், அக்கா. என்ன நம்பரோ அதையே சொன்னேன். அடுத்த வருஷம் எந்த மாசம் வைப்பாங்கன்னு கேட்டாரு" என்றாள். குரல் கொஞ்சம் உடைந்தது. சரியாகிவிட்டது.

ஜூன் 8, ஞாயிறு

அண்ணன் வீட்டுச் சாமான்களை லாரியில் ஏற்றினார்கள். கல்லூரி தொடங்கும்வரை ஜெராக்ஸ் கடைக்கார அம்மாவின் வீட்டு மாடியில் தங்கிக்கொள்கிறேன். புறப்படும்போது அண்ணன் அழுதான். அவனுக்குப் பின்னால் நின்ற அண்ணி, அழட்டும் விடு என்று எனக்கு ஜாடை காட்டினார்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

திருச்சி. கல்லூரி விடுதி. துணைக்கு வேலம்மாள் வந்திருந்தாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் மாடி ஏறினாள். அறையைச் சுற்றிப் பார்த்து, ஜன்னலைத் திறந்து மூடி, "நல்லாருக்குக்கா" என்றாள். என் பழைய குறிப்பேடுகளை எல்லாம் அவள் பைக்குள் வைத்து அனுப்பினேன்.

விடுதிப் படிவத்தில் பாதுகாவலர் என்று ஒரு இடம். யோசிக்காமல் என் பெயரையே எழுதிவிட்டேன். ஒன்பது வருஷமாக ஆஸ்பத்திரியில் எந்தத் தாள் கொடுத்தாலும் அந்த இடத்தில் நான்தான் கையெழுத்துப் போட்டேன். கை அப்படியே பழகியிருக்கிறது.

காப்பாளர் அம்மா பார்த்துச் சிரித்தார். "இது உங்களைப் பாத்துக்கறவங்க பேரும்மா" என்றார்.

அடித்துவிட்டு எழுதினேன்: ஸ்வர்ணலதா. உறவு: அண்ணி.

நாளை ஒன்பது மணிக்கு முதல் வகுப்பு.