மிச்ச இரண்டு முடிச்சு

டத்தோ கிராமாட், பினாங்கு
9.3.2025

அன்புள்ள ரமணி அண்ணிக்கு,

பாலத்துக்கு அந்தப் பக்கம் அரை மணி நேரத்தில் இருக்கிறீர்கள், இவள் ஏன் தபாலில் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். நேரில் வந்தால் பாதியில் வேறு பேச்சுக்குத் தாவிவிடுவேன். காகிதம் என்றால் விட்ட இடம் தெரியும். அண்ணனிடம் சொல்லியனுப்பவும் மனமில்லை. இது உங்களுக்கும் எனக்கும் இடையில் உள்ளது.

போன மாதம் ஒரு மனநல மருத்துவரைப் பார்த்தேன். எனக்கு ஏடிஎச்டி இருக்கிறதாம், சின்ன வயதிலிருந்தே. மனம் ஒன்றில் நிற்காமல் நழுவும், எதை முதலில் செய்வது என்று திணறும். பள்ளிக்கூட ரிப்போர்ட் கார்டு இருக்கிறதா என்று கேட்டார். அம்மா சாகும்வரை பிஸ்கட் டின்னில் பத்திரப்படுத்தியவை என்னிடம்தான் இருந்தன, அதிசயமாகத் தொலையாமல். ஆறு வருடமும் ஒரே வரி: ‘கெட்டிக்காரி, ஆனால் கவனம் இல்லை.’ கிளினிக் வாசலில் காருக்குள் உட்கார்ந்து அழுதேன். நாற்பத்து நான்கு வயதில் வந்த அந்த அழுகையைத் துக்கம் என்று சொல்லத் தெரியவில்லை. மூன்று வேலை போனது, என் கல்யாணம் நாலே வருடத்தில் நின்றது, எல்லாவற்றையும் திரும்ப ஒருமுறை பார்த்தேன்.

இப்போது பதினேழு வருடமாகச் சொல்லாத ஒன்று. உங்கள் கல்யாணத்தில் ஐயர், “நாத்தனார் எங்க, கூப்பிடுங்க” என்று கத்தியபோது நான் மண்டபத்து வாசலில் இருந்தேன். பூக்கூடை எடுக்கக் காருக்குப் போனேன். வளைவில் ஒட்டியிருந்த பாலிஸ்டிரீன் எழுத்துகளில் உங்கள் பெயரின் ‘ர’ விழுந்து கிடந்தது. பார்த்துவிட்டுப் போக முடியவில்லை. டேப் தேடினேன். கெட்டிமேளம் கேட்டது. யார் வீட்டுக் கல்யாணமோ என்பதுபோல் காதில் விழுந்தது. ஒட்டி முடித்து உள்ளே வந்தேன். அட்சதை தரையில் கிடந்தது.

வேண்டுமென்று போகவில்லை அண்ணி. சாக்கும் சொல்லவில்லை. நடந்தது இது.

அன்புடன்,
மோகனா


பிறை
28.3.2025

மோகனாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால் நானும் எழுதுகிறேன்.

நீ வாசலில் இருந்தாய். நான் எங்கே இருந்தேன் தெரியுமா? உன் அண்ணன் முதல் முடிச்சைப் போட்டுவிட்டு, மிச்ச இரண்டுக்கும் உன்னை எதிர்பார்த்துக் கயிற்றின் இரண்டு முனையையும் பிடித்தபடி நின்றார். நான் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. கடைசியில் கட்டியது சமையல்காரரின் மனைவி. பெயர்கூடத் தெரியாது. அவர் கையில் சாம்பார் வாசனை. பின்னால் யாரோ சொன்னது இன்றைக்கும் கேட்கிறது: “நாத்தனாருக்குப் பொண்ணப் புடிக்கல போல லா.”

இப்போது எல்லாவற்றுக்கும் ஒரு பேர் வந்துவிட்டது. எங்களையெல்லாம் யார் டாக்டரிடம் கூட்டிப்போனார்கள்? அடி வாங்கித் திருந்தினோம்.

எங்கள் வினோஷா பள்ளியில் நாலாம் ஆண்டு படிக்கிறாள். இந்த வருடம் பிறந்து மூன்று தண்ணீர் பாட்டில் தொலைத்தாகிவிட்டது. கணக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் விசிறியைப் பார்க்கிறாள். நேற்று, “அத்த மாதிரியே ஆயிடுவ” என்று கத்திவிட்டேன். கோபத்தில் வந்தது. உனக்குத் தெரியட்டும்.

ரமணி


டத்தோ கிராமாட்
6.4.2025

அன்புள்ள அண்ணிக்கு,

“அத்த மாதிரியே ஆயிடுவ.” அதைப் படித்ததும் சிரித்தேன். பிறகு கொஞ்ச நேரம் சிரிக்கவில்லை.

அந்தச் சாம்பார் வாசனையைப் பற்றி இதுவரை எனக்குத் தெரியாது. மன்னித்துவிடுங்கள். டாக்டர் சொன்ன பேர் எனக்குக் காரணம் ஆகலாம், உங்களுக்கு ஆறுதல் ஆகாது.

வினோஷாவுக்கும் இதுதானா என்று நான் சொல்லக்கூடாது. தெரிந்தவர்கள் பார்க்கட்டும், கூட்டிப்போங்கள். அதுவரை ஒன்று செய்து பாருங்கள். அவள் கணக்குப் போடும்போது பக்கத்தில் உட்காருங்கள். சொல்லித்தர வேண்டாம், அதட்டவும் வேண்டாம். கீரை ஆய்ந்துகொண்டிருங்கள், போதும். நான் வேலை ரிப்போர்ட் எழுதும்போது எதிர்வீட்டு நோர்மா அக்கா வந்து துணி மடிப்பார். “நான் சும்மாதான் இருக்கேன், நீ எழுது லா” என்பார். பக்கத்தில் ஒருவர் இருந்தால் என் மனம் நாற்காலியை விட்டு எழுந்து போவதில்லை.

என் வீட்டைப் பார்த்தால் சிரிப்பீர்கள். சாவிக்கு ஓர் ஆணி, வேறு எங்கும் வைக்கக்கூடாது. கதவின் உட்புறம் சிவப்பு மையில் ‘அடுப்பு, போன், மருந்து’. இத்தனைக்கும் பிறகு, முந்தாநாள் காரை பாயான் பாரு தொழிற்சாலையிலேயே விட்டுவிட்டு, கூட வேலை செய்பவர் காரில் ஏறிப் பேசிக்கொண்டே வீட்டுக்கு வந்துவிட்டேன். ஆனாலும் இந்த வேலையில் ஐந்தாவது வருடம். அதை அவளிடம் சொல்லுங்கள். அத்தை மாதிரி ஆனால் இப்படியும் ஆகலாம்.

அன்புடன்,
மோகனா

பி.கு. இன்று 22.4. கடிதம் பதினாறு நாள் கைப்பையில் கிடந்தது. தேதியை மாற்றி எழுதலாமா என்று யோசித்தேன். வேண்டாம், உங்களிடம் மறைக்க இனி ஒன்றும் இல்லை.


பிறை
13.7.2025

அன்புள்ள மோகனா,

பதினாறு நாள் கைப்பையில் வைத்தவளுக்கு நான் மூன்று மாதம் கழித்துப் பதில் எழுதுகிறேன். எனக்குச் சொல்ல எந்த வியாதியும் இல்லை, பிடிவாதம்தான்.

உன் கடிதம் வந்து ஒரு வாரம் கோபம். பிறகு ஒருநாள் முருங்கைக்கீரையோடு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“ஏம்மா என்னையே பாக்குற?”

“கீரையப் பாக்குறேன். நீ ஒன் வேலையப் பாரு.”

அரை மணியில் எட்டுக் கணக்கு. தினமும் அப்படி நடப்பதில்லை. சில நாள் நான் கத்துகிறேன், அவள் அழுகிறாள். ஆனால் முன்னைக்கு இப்போது குறைவு. உன் அண்ணன்தான் பாவம், “ரெண்டு நாளைக்கு மீன் வாங்கு, கீர போதும்” என்று கெஞ்சுகிறார்.

போன செவ்வாய் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அதேதான். குடும்பத்தில் வேறு யாருக்காவது இருக்கிறதா என்று டாக்டர் கேட்டார். “இவ அத்தைக்கு” என்றேன். வினோஷா நிமிர்ந்து பார்த்தாள். “அத்தைக்குமா? அத்த காரெல்லாம் ஓட்டுறாங்களே?” அவள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். நீ காரை விட்டுவிட்டு வந்த கதையை வீடு வந்து சேரும்வரை மூன்று முறை சொல்லச் சொன்னாள்.

எல்லாவற்றுக்கும் ஒரு பேரா என்று உனக்கு எழுதியிருந்தேன். யோசித்தால், பேர் வைத்தது நான்தான். சோம்பேறி, மரமண்டை. அவற்றுக்கு டாக்டர் வைத்த பேர் எவ்வளவோ மேல்.

நேற்று கல்யாண ஆல்பத்தை எடுத்தேன். கிளம்பும்போது வாசலில் எடுத்த படத்தில் என் பெயரின் முதல் எழுத்து கோணலாக, மேலே கறுப்பு டேப்போடு இருக்கிறது. பதினேழு வருடமாக அலங்காரக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்டு மூன்று, ஞாயிற்றுக்கிழமை, ஆடிப் பதினெட்டு. தாலிக்கயிறு மாற்ற வேண்டும். வருடாவருடம் பக்கத்து வீட்டு அக்கா வந்து கட்டிவிடுவார். இந்த முறை முதல் முடிச்சை உன் அண்ணன் போடட்டும். மிச்ச இரண்டும் உன்னுடையது. புருஷன் இல்லாதவள் கட்டலாமா என்று யாராவது முணுமுணுத்தால் நான் பார்த்துக்கொள்கிறேன். பூவும் நானே வாங்கிவிடுவேன். காருக்குப் போகிற வேலை எதுவும் உனக்கு இல்லை.

உனக்கு எட்டு மணி என்று எழுதிவிட்டுப் பத்து மணிக்கு வைத்துக்கொள்ளலாம் என்றார் உன் அண்ணன். அந்தத் தந்திரம் வேண்டாம் என்றேன். நேரம் பத்து. தாமதமானாலும் வா. நீ வரும்வரை அவர் கயிற்றின் இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு நிற்பார். அவருக்குப் பழக்கம்தான்.

உன் அண்ணி,
ரமணி