நடுவில் திறந்த வானம்

மச்சாள்,

நேற்றுப் பின்னேரம் நாலு மணிக்கு எங்கள் நாரந்தனை ஊரின் வானம் புளி போட்டுத் தேய்த்த பித்தளைபோல மஞ்சளாய் மின்னியது. கொடியில் காய்ந்த என் வெள்ளைச் சேலையும் அதே நிறமாயிற்று. எடுக்கப் போன நான் முற்றத்தின் நடுவிலேயே நின்றுவிட்டேன். இரண்டு இடியோடு எல்லாம் ஒதுங்கிப் போயிற்று. ஆனால் விளக்கு வைக்கும்வரை நான் வானத்தையே பார்த்திருந்தேன். நீங்கள் உயிரோடு இருந்தபோதே சொல்லியிருக்க வேண்டிய ஒன்றை இப்போது எழுதுகிறேன்.

அந்தப் பெரும் புயலுக்கு முதல்நாளும் இதே மஞ்சள்தான். "வானம் நல்லாயில்லை ரீச்சர், கோழியளைப் பிடிச்சுக் கூட்டுக்கை அடையும்" என்றீர்கள். வெளிச்சம் வடிவாக இருக்கிறதே என்றேன், பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற நான்.

மறுநாள் காலை வடக்கிலிருந்து காற்று வந்து பாதிக் கூரையைக் கொண்டுபோயிற்று. நடுப்பகலில் ஒரேயடியாய் நின்றது. தலைக்குமேல் வானம் வட்டமாய்த் திறந்து, சங்கின் உட்புறம்போல் இளஞ்சிவப்பாய் இருந்தது. அடிவானம் மட்டும் சுற்றிவரப் பச்சை கலந்த கறுப்பு. ஒரு காகம்கூடக் கத்தவில்லை.

உங்கள் தம்பிக்கு, என் அவருக்கு, வள்ளத்தின் நினைவு. அதைக் கரையில் ஒற்றைக் கயிற்றில் கட்டிவிட்டு வந்தவர். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, இன்னொரு கயிறு எடுக்கச் சாமான் அறைக்குள் போனார். "புயல் முடிஞ்சுது, கெதியாய்ப் போயிட்டு வாங்கோ" என்று அவரை அனுப்பியது நான்.

நீங்கள் அறைக்கதவைச் சாத்தி வெளியே கொண்டியைப் போட்டீர்கள்.

"அக்கா, விசர் விளையாட்டு விடாதை. திற கதவை."

"உது போற வானமில்லை. பேசாமல் இரு."

"வள்ளம் போகப்போகுது."

"வள்ளந்தானே போகும்."

எனக்குக் கோபம் வந்தது. "நிறத்தைப் பாத்து ஆம்பிளையைப் பூட்டி வைக்கிறதோ மச்சாள்? ஊர் சிரிக்கும்."

"சிரிக்கட்டும். நீர் கொஞ்சம் தள்ளி நில்லும், ரீச்சர்."

நான் கொண்டியில் கை வைத்தேன். என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தீர்கள். வளையல் ஒன்று உடைந்து விழுந்தது. அவர் உள்ளிருந்து உதைக்க உதைக்க, கதவோடு சேர்ந்து நாங்கள் இருவரும் அதிர்ந்தோம். அப்போதுதான் தெற்கே அந்த இரைச்சல் கேட்டது. காலையில் போன காற்று எதிர்ப்பக்கத்திலிருந்து திரும்பி வந்தது. கடல் எழும்பிக் கரைப்பாதையை மூடியது. வள்ளத்தில் ஒரு பலகைகூட மிஞ்சவில்லை.

வருடந்தோறும் கரும்பலகையில் வட்டம் கீறி, நடுவில் புள்ளி வைத்து, "இது புயலின் கண். இங்கே காற்று இராது. மறுபாதி பின்னால் வரும்" என்று படிப்பித்தவள் நான். நான் படித்த காலத்தில் கன்னியாஸ்திரிமார் அதை எனக்கு மேற்கிந்தியத் தீவுகளின் படத்தில் காட்டித் தந்தார்கள். அது அந்தக் கடலுக்கு உரிய சங்கதி என்றே பதிந்துவிட்டது. எங்கள் கோழிக்கூட்டுக்கு மேலே அது வந்து நின்றபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை.

தமக்கை பூட்டிவைத்தாள் என்று சொல்ல அவருக்கு வெட்கம். "என்ரை மனிசி மறிச்சுப்போட்டா" என்றே சொல்லித் திரிந்தார். ஊரும் நம்பியது. கிணற்றடியில் ஒருத்தி என்னை மெச்சியபோது, "ஓம், ரீச்சர் படிச்சவ" என்றீர்கள். பகிடியோ என்று உங்கள் முகத்தைப் பார்த்தேன். இல்லை. பிள்ளைகளின் கொப்பியில் ஒரு புள்ளி தவறினாலும் திருத்தாமல் விடாத நான், இதைத் திருத்தவில்லை.

பதினைந்து வருடம் கழித்து, அவருடைய செத்தவீட்டில் ஒருவர் எழுந்து, ரீச்சரின் படிப்புத்தான் அன்று அந்த மனிதரைக் காப்பாற்றியது என்று பேசினார். நீங்கள் எனக்குப் பக்கத்தில் இருந்தீர்கள். நான் தலையைக் குனிந்து அதை ஏற்றுக்கொண்டேன். நீங்கள் எழுந்துபோய் எனக்குக் கோப்பி கொண்டுவந்து தந்தீர்கள். அதையும் வாங்கிக் குடித்தேன்.

அவரோடு வாழ்ந்த அந்தப் பதினைந்து வருடமும் என்னிடம் இருக்கிறது, மச்சாள். அது நீங்கள் தந்தது என்பது இந்தக் கடதாசியைத் தவிர வேறு எவருக்கும் இன்னும் தெரியாது.