அஸ்திவாரக் குழியில் மணல்

7 செப்டம்பர் 1983, புதன்

"சார், குடிக்கவே தண்ணி இல்லாத ஊருல வெள்ளம் எப்பிடி சார் வரும்?" என்று முன்பு வகுப்பில் ஒருத்தி கேட்டாள். காய்ந்து இறுகிய பள்ளி மைதானத்தில் ஒரு குடம் தண்ணீரைக் கவிழ்த்துக் காட்டினேன். தரை குடிக்கவில்லை. தண்ணீர் பள்ளம் பார்த்து ஓடி அவள் காலை நனைத்தது.

இன்று செம்பட்டி ரோட்டில் மகள் வீடு கட்டும் மனைக்குப் போயிருந்தேன். அஸ்திவாரக் குழியில் இரண்டடிக்குக் கீழே மணல். கழுவி எடுத்தது போல் சுத்தமான மணல், நடுநடுவே கூழாங்கற்கள்.

"யோகந்தான் மாமா! பூச்சு வேலைக்கு வெளிய மணல் வாங்க வேணாம்" என்றார் மாப்பிள்ளை.

"ஓடை போன தடம் மாதிரி தெரியுதே மாப்ள."

"ஓடையா? லாரித் தண்ணிக்குக் குடத்தோட நிக்கிறோம். வெள்ளம் வந்தா மாலை போட்டுல்ல கூப்புடணும்!"

கொத்தனாரும் சிரித்தார். மகள் மட்டும், "நல்ல காரியம் நடக்கையில பயமுறுத்தாதீங்கப்பா" என்றாள். வீடு திரும்பிவிட்டேன்.

நாளை அஸ்திவாரத்துக்குக் கல் இறக்குகிறார்கள். அடுத்த வருஷ ஐப்பசியிலோ, அதற்கடுத்த ஐப்பசியிலோ ஒரே ராத்திரியில் கொட்டித் தீர்த்தால், மகள் தன் கைக்குழந்தையோடு அங்கேதான் படுத்திருப்பாள். தூக்கம் வரவில்லை.

எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்: விடிந்ததும் போ. வாதம் வேண்டாம். அந்த மணலில் ஒரு பிடி அள்ளி மகளின் உள்ளங்கையில் வை. இதை இங்கே கொண்டுவந்து போட்டது எது என்று மட்டும் கேள்.