சைக்கிள் போனதற்கு ஒரு பட்டியல்

ஜூலை 14, திங்கள்

காலையில் தூறல். தாம்பரம் சப்வேயில் தண்ணீர். கல்லூரிக்குப் பத்து நிமிடம் லேட். இனப்படுகொலையின் சமூகவியல், மூன்றாம் வகுப்பு. எம்.ஏ. பிள்ளைகள் ஒன்பது பேர், ஒரு கொட்டாவிகூட இல்லை. சந்தோஷம்.

மாலை, எங்கள் அபார்ட்மென்ட் தலைவர் சுந்தரம் சார் வந்தார். யாருடைய சைக்கிளோ காணோமாம். "இங்க வேலைக்கு வர்ற வடக்கத்தி ஆளுங்களுக்கு மட்டும் ஒரு லிஸ்ட் வேணும் மேடம். செக்ரட்டரி நீங்க போட்டாதான் நீட்டா இருக்கும்." அரை மணி நேர வேலை. பதினோரு பேர். பெயர், ஊர், போட்டோ, மேலே மஞ்சள் பட்டை. அழகாக வந்தது. வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். ஏகப்பட்ட கட்டைவிரல்.

வாங்க: து.பருப்பு, சேஃப்டி பின்.

ஜூலை 15, செவ்வாய்

நல்ல வெயில். வகுப்பில் காரணங்கள். வெறுப்பு மட்டும் போதாது, ஆட்களைப் பிரித்து எழுதி வைக்கவும் ஒருவர் வேண்டும் என்றேன். கௌசல்யா கேட்டாள்: "அந்த லிஸ்ட் போட்டவங்கல்லாம் கெட்டவங்களா மேம்?"

"இல்லம்மா. நிறைய பேர் நல்லா வேலை செய்றவங்க. நீட்டா..." போர்டை அழித்தேன். வெட்கம். இப்போதும்.

மாலை 5. கேட்டில் என் பட்டியல், லேமினேஷன் போட்டு. படி பெருக்கும் சுமித்ரா (ஜார்க்கண்ட்) வீட்டுக்குக் கிளம்பியிருக்கிறாள். அவள் பை தரையில் கொட்டிக் கிடக்கிறது. டப்பா, சீப்பு, குடை. வாட்ச்மேன் முருகன் அண்ணா சொல்கிறார்: "சூப்பரா போட்டுகீறீங்க மேடம். ஒருத்தரும் தப்ப முடியாது."

பிய்த்து எறிந்தேன். பக்கத்தில் நின்ற சுந்தரம் சாருக்குச் சிரிப்பு. "எல்லார் போன்லயும் இருக்கே மேடம். இன்னொரு பிரின்ட் எடுத்தா போச்சு."

ஜூலை 16, புதன்

ஐந்து மணிக்கே எழுந்து புதுப் பட்டியல். நாற்பது வீடும், என் பெயரும் சேர்த்து. அதே மஞ்சள். முருகன் அண்ணாவிடம் கொடுத்து, "இனிமே எல்லார் பையும் பாருங்க" என்றேன்.

7.40. சுந்தரம் சாரின் ஆபீஸ் பை திறந்து கிடந்தது.

"என்னய்யா, என் பையையா?"

"லிஸ்ட்ல கீறீங்களே சார்."

எட்டரைக்கு குரூப்பில் அறிவிப்பு: பட்டியல் வேண்டாம், பை சோதனையும் ரத்து. நாள் முழுக்கச் சிரிப்பு. கேன்டீனில் இரண்டு வடை.

ஜூலை 17, வியாழன்

மேகமூட்டம். படியில் சுமித்ராவிடம் மன்னிப்புக் கேட்டேன். பெருக்குவதை நிறுத்தவில்லை.

"பரவால்ல அக்கா. எல்லா ஊர்லயும் எழுதுவாங்க. எழுதுனா நாங்க மூட்டை கட்டி வெச்சிடுவோம். முந்தாநாள் கட்டினோம். நேத்து பிரிச்சோம்."