ஒன்று புள்ளி ஏழு

அன்பு மனைவிக்கு,

நான் நலம். அம்மாவுக்கு மூட்டு வலி குறைந்ததா? சின்னவள் ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

அடுத்த தெருவுக்கு வந்திருக்கும் புது மெக்கானிக் நம் ஸ்கூட்டரை நொடியில் சரிசெய்துவிட்டார் என்று எழுதியிருந்தாய். தங்கமான மனுஷன் என்றும் எழுதியிருந்தாய். சந்தோஷம். நான் தகரம்தான்.

அதைப் படித்துவிட்டு வேலைக்குப் போனேன். அன்றைக்கு ஒரு பந்தயக் காரின் இன்ஜினுக்கு ராக்கர் ஆர்ம் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. வால்வை அழுத்தித் திறக்கிற சின்னக் கை அது. அதன் விகிதத்தைக் கூட்டினால் வால்வு அதிகம் திறக்கும், காற்று அதிகம் போகும், வண்டிக்கு இழுவை கூடும். பழையது ஒன்றரை. ஒன்று புள்ளி ஆறு போதும் என்று எனக்கே தெரியும். அந்த ஆளைவிட நான் மட்டமா என்ற கடுப்பில் ஒன்று புள்ளி ஏழை மாட்டினேன். இன்ஜினைக் கையால் சுற்றிப் பார்த்தபோது வால்வை மூடுகிற ஸ்பிரிங் முழுக்க அமுங்கி நின்றுவிட்டது. அப்போதும் விடாமல் நெம்பினேன். ராக்கர் ஆர்மைத் தள்ளுகிற கம்பி, புஷ் ராடு, வளைந்துபோனது.

"யாரு மேல கோவம்?" என்றார் முதலாளி. "ஸ்பிரிங்ல இடம் இருக்கான்னு பார்க்காமயா மாட்டுவ?"

கவலைப்படாதே, ஒன்று புள்ளி ஆறைப் போட்டுச் சரிசெய்துவிட்டேன்.

ஸ்கூட்டர் ஓடும் சத்தத்தை போனில் பதிவு செய்து அனுப்பு. அவர் வேலையின் லட்சணத்தைக் கேட்டே சொல்லிவிடுவேன். நடுவில் நீ பேசினாலும் பரவாயில்லை. கொஞ்சம் நீளமாகவே இருக்கட்டும்.

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. வண்டி மறுபடி நின்றால், நான் வரும்வரை தள்ளிக்கொண்டே போ.

உன்,
தகரம்